ஒரு புள்ளி, இரண்டு எழுத்து: பணம் பார்த்த தீவும் பறிகொடுத்த தீவும்

கல்யாணப் பத்திரிகையோடு சேர்ந்து மண்டபத்தின் கூகுள் மேப் லிங்க்கும் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அந்த லிங்க்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ‘கூ’ என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, ‘ஜிஎல்’ என்று இருக்கும். அந்த ஜிஎல், வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிரீன்லாந்தின் எழுத்து. யூடியூப் சமையல் வீடியோவை அக்காவுக்கு ஷேர் செய்கிறீர்களா? லிங்க்கில் புள்ளிக்குப் பிறகு வரும் ‘பிஇ’, பெல்ஜியத்துடையது. ‘வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய இங்கே தொடவும்’ என்று துணிக்கடைக்காரர் அனுப்பும் லிங்க்கில் இருக்கும் ‘எம்இ’, ஐரோப்பாவில் இருக்கும் மான்டினீக்ரோ என்ற குட்டி நாட்டுக்குச் சொந்தம். டெலிகிராம் லிங்க்கும் அதே நாட்டின் வாலைத்தான் ஒட்டிக்கொண்டு அலைகிறது.

பயப்பட வேண்டாம். மண்டபத்துக்கு வழி கேட்டால் உங்கள் போன் கிரீன்லாந்துக்குப் போய்த் திரும்புவதில்லை. சென்னையிலேயே ஓடும் காருக்குப் புதுச்சேரி நம்பர் பிளேட் இருப்பதில்லையா, அதுபோலத்தான். வண்டி எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பதிவு மட்டும் அங்கே. பதிவுக்கான கட்டணத்தில் ஒரு பங்கும் அங்கே போகும்.

அல்லது, போக வேண்டும்.

உலகில் ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி இரண்டு எழுத்தில் ஓர் இணைய வால் உண்டு. இந்தியாவுக்கு ‘ஐஎன்’, இலங்கைக்கு ‘எல்கே’, சிங்கப்பூருக்கு ‘எஸ்ஜி’. 1980-களில் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த, நீண்ட தாடிக்காரர். எது நாடு, எது நாடு இல்லை என்று பஞ்சாயத்து பண்ணுவது தன் வேலையல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதனால் ஐ.எஸ்.ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த நாடுகள், பிரதேசங்களின் இரண்டெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்கும் சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கும் ஆளுக்கு ஒரு வால். அன்றைக்கு அதற்கு எந்த விலையும் இல்லை. யாரும் சண்டை போடவும் இல்லை.

அந்தப் பட்டியலில் முதலில் ரோமன் எழுத்துகள் மட்டும்தான். 2010-ல்தான் மற்ற எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. தமிழுக்கு இன்று ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்று மூன்று வால்கள் இருக்கின்றன. மூன்று நாடுகள் தமிழில் வால் வைத்திருப்பது பெருமைதான். ஆனால், நீங்கள் கடைசியாக எப்போது அப்படி ஒரு முகவரியைத் தட்டினீர்கள்? இவற்றை விலை பேச வெளியாட்கள் வரவில்லை. காரணம் எளிது. ‘.இலங்கை’ என்றால் இலங்கை மட்டும்தான். சினிமா வசனத்தில் மட்டுமல்ல, இணையத்திலும் இரட்டை அர்த்தத்துக்குத்தான் கிராக்கி! இந்தியாவின் ‘ஐஎன்’ எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க்டுஇன் நிறுவனம் தன் பெயரின் வாலில் இருக்கும் ‘இன்’னுக்காகவே அதைத் தன் குட்டி லிங்க்குகளில் பயன்படுத்துகிறது.

அப்படி இரட்டை அர்த்தத்தால் லாட்டரி அடித்த தீவுகளில் முதலிடம் ஆங்குயிலாவுக்கு.

விலாங்குத் தீவின் யோகம்

கரீபியன் கடலில், விலாங்கு மீன்போல நீளமாக, ஒல்லியாகக் கிடக்கும் தீவு இது. பெயருக்கே விலாங்கு என்றுதான் அர்த்தம். பரப்பளவு 91 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 16,000 பேர். நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். வெள்ளை மணல் கடற்கரையும் சுற்றுலாவும்தான் பிழைப்பு.

இந்தத் தீவுக்கு ‘ஏஐ’ என்ற எழுத்து கிடைத்த கதையே தனி. பிரிட்டிஷ் ஆட்சி 1967-ல் ஆங்குயிலாவை, பக்கத்தில் இருக்கும் செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளோடு ஒரே கட்டாகக் கட்டியது. பெரிய தீவு சின்னத் தீவைக் கவனிக்கவே இல்லை என்ற ஆத்திரம் ஆங்குயிலா மக்களுக்கு. அந்த ஆண்டு மே 30-ம் தேதி செயின்ட் கிட்ஸ் போலீஸ்காரர்களைத் தீவைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. பிரிய வேண்டும் என்று 1,813 பேர், வேண்டாம் என்று 5 பேர்! 1969 மார்ச்சில் பிரிட்டன் ராணுவத்தை இறக்கியது. எதிர்த்துச் சுட ஆளில்லை. உலகப் பத்திரிகைகள் பிரிட்டனைக் கிண்டல் செய்ததுதான் மிச்சம். கடைசியில் 1980 டிசம்பரில் ஆங்குயிலா தனிப் பிரதேசமானது. சுதந்திர நாடல்ல, இன்றும் பிரிட்டனின் கடல் கடந்த பிரதேசம்தான். ஆனால், தனிப் பிரதேசம் என்பதால் ஐ.எஸ்.ஓ பட்டியலில் தனி எழுத்து.

அந்த ‘ஏஐ’ கூட வேறொருவர் விட்டுச்சென்றது. ஆப்பிரிக்காவில் ‘அஃபார், இஸ்ஸா பிரதேசம்’ என்ற பிரெஞ்சுப் பகுதிக்குத்தான் அந்த எழுத்து முதலில் இருந்தது. 1977-ல் அது ஜிபூட்டி என்ற பெயரில் சுதந்திரம் அடைந்து, ‘டிஜே’ என்ற எழுத்துக்கு மாறிக்கொண்டது. பழைய பெயரிலேயே இருந்திருந்தால் இன்று அந்தக் கோடிகள் அங்கே போயிருக்கும். இப்போது கல்யாண ரிசப்ஷனில் பாட்டுப் போடும் டிஜே-க்களுக்குப் பொருத்தமான வால் ஜிபூட்டியிடம் இருக்கிறது. என்ன செய்ய!

1994-ல் ஆங்குயிலாவில் குடியேறிய அமெரிக்கக் கணினி நிபுணர் வின்ஸ் கேட். அந்தத் தீவின் இணைய வாலை யாரும் கவனிக்காமல் கிடப்பதைப் பார்த்து, போஸ்டலைத் தொடர்புகொண்டார். 1995-ல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பல ஆண்டுகள் அது பெரிய வருமானம் இல்லாத வேலை. 2017-ல் இர்மா புயல் தீவைப் புரட்டிப்போட்டது. அடுத்து கொரோனா வந்து சுற்றுலாவை முடக்கியது.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளியானது. ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ஏஐ. உலகத்தில் புதிதாக முளைத்த கம்பெனிகள் எல்லாம் தங்கள் பெயருக்குப் பின்னால் ‘டாட் ஏஐ’ வேண்டும் என்று வரிசையில் நின்றன. 2022-ல் சுமார் 1,44,000 ஆக இருந்த பதிவுகள், 2023-ல் 3,54,000 ஆகின. 2018-ல் தீவுக்கு இந்த வழியில் வந்தது சுமார் 29 லட்சம் டாலர். 2023-ல் சுமார் 3.2 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 265 கோடி ரூபாய். அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! அப்போது ஒரு பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 140 டாலர் கட்டணமாக இருந்தது. தோண்டி எடுக்க வேண்டியதில்லை, கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. எண்ணெய்க் கிணறுகூட ஒருநாள் வற்றும், இது வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது.

அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையில் பாராட்டத்தக்க பகுதி. விமான நிலையத்தை மேம்படுத்தினார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு இலவச மருத்துவம் தந்தார்கள். நிர்வாகச் சுமை தாங்க முடியாமல்போனதால், 2024 அக்டோபரில் ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். வேலை அந்தக் கம்பெனிக்கு, வருமானத்தின் பெரும்பகுதி தீவுக்கு. ஏஐ மோகம் நாளை குறையலாம் என்ற பயம் உண்டு. ஆனாலும் எழுத்து யாருடையதோ, காசு அவர்களுக்கு என்ற அடிப்படை நியாயம் அங்கே நிலைத்திருக்கிறது.

அந்த நியாயம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

விளையாட்டுக்குப் பின்னால் ஒரு வெளியேற்றம்

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஸ்லிதர் என்ற பாம்பு விளையாட்டையோ, அகார் என்ற வட்டங்கள் ஒன்றையொன்று விழுங்கும் விளையாட்டையோ பார்த்திருப்பீர்கள். இரண்டின் முகவரியும் ‘டாட் ஐஓ’ என்று முடியும். சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும் இந்த வால் மீது கொள்ளைப் பிரியம். கணினி உலகில் ‘உள்ளீடு, வெளியீடு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ஐஓ என்பதால்.

உண்மையில் அது ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேச’த்தின் எழுத்து. மாலத்தீவுக்குத் தெற்கே இருக்கும் சாகோஸ் தீவுகள். அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் என்று கலந்த சமூகம். தென்னந்தோப்பில் கொப்பரை உலர்த்துவதுதான் தொழில்.

1965-ல், மொரிஷியஸுக்குச் சுதந்திரம் தருவதற்கு முன்பே, பிரிட்டன் இந்தத் தீவுகளைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. அவற்றில் பெரியதான டியேகோ கார்சியா, அமெரிக்க ராணுவத் தளத்துக்காக ஒதுக்கப்பட்டது. 1968 முதல் 1973-க்குள் அங்கிருந்த சுமார் 1,500 முதல் 2,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வரக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. வளர்ப்பு நாய்களைக்கூடப் பிடித்துக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்கள் மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள்.

1997-ல் ஐஓ என்ற வால் பயன்பாட்டுக்கு வந்தபோது, அந்தத் தீவுகளில் சொந்த மக்கள் ஒருவர்கூட இல்லை. ராணுவ வீரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான். வாலை நிர்வகிக்கும் பொறுப்பு பிரிட்டனில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. 2017-ல் அந்த நிறுவனம் 7 கோடி டாலருக்குக் கைமாறியது. டாட் ஐஓ விற்பனையிலிருந்து தனக்கு எதுவும் வரவில்லை என்று பிரிட்டன் அரசு சொன்னது. சாகோஸ் மக்களுக்கும் எதுவும் வரவில்லை. தங்கள் பங்கைக் கேட்டு 2021-ல் சாகோஸ் அகதிகள் அமைப்பு அயர்லாந்தில் புகார் கொடுத்தது. ‘ஐஓ’ என்று முடியும் பெயர்களில் பல கம்பெனிகள் கோடிகளைக் குவித்தபோது, அந்த எழுத்துக்குரியவர்களில் பலர் மொரிஷியஸின் குடிசைப் பகுதிகளிலும், லண்டனுக்குத் தெற்கே கிராலி என்ற ஊரின் வாடகை வீடுகளிலும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டியேகோ கார்சியா என்ற பெயரை ஈழத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, அதிலிருந்த இலங்கைத் தமிழர்கள் அந்தத் தீவில் கரை சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் எலிகள் ஓடும் கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களை அங்கே அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்துக்கான நீதிமன்றமே அதே மாதம் தீர்ப்பளித்தது. சொந்த மக்கள் திரும்ப முடியாத தீவு, வந்து சேர்ந்தவர்கள் வெளியேற முடியாத தீவு!

சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்கே திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் 2025 மே 22-ல் பிரிட்டன் கையெழுத்திட்டது. ராணுவத் தளம் மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு. இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்ற ஒன்றே இல்லாமல்போனால், ஐஓ என்ற எழுத்து என்ன ஆகும்? விதி இதுதான்: ஐ.எஸ்.ஓ பட்டியலிலிருந்து ஓர் எழுத்து நீக்கப்பட்டால், இணைய வாலையும் ஐந்து ஆண்டுகளில் மூட வேண்டும். கேட்டுக்கொண்டால் பத்து ஆண்டுகள்வரை நீட்டிக்கலாம்.

இப்படி வால் அறுந்த கதை ஏற்கெனவே உண்டு. யூகோஸ்லாவியா உடைந்த பிறகும் ‘ஒய்யூ’ என்ற எழுத்து பல ஆண்டுகள் ஓடியது. 2010 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். செர்பியாவும் மான்டினீக்ரோவும் பிரிந்தபோது ஆளுக்கொரு புது எழுத்து வாங்கிக்கொண்டன. அந்த மான்டினீக்ரோ எழுத்தைத்தான் துணிக்கடை லிங்க்கில் பார்த்தீர்கள். சோவியத் யூனியன் கதை நேரெதிர். நாடு 1991-லேயே போய்விட்டது. ‘எஸ்யூ’ என்ற அதன் வால் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளைத் தாண்டி உயிரோடிருக்கிறது. செத்தவர் பெயரில் ரேஷன் கார்டு ஓடுவதுபோல.

ஆட்சி மாறினால், நாடு உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு இப்படி முன்னுதாரணங்கள் இருக்கின்றன. நாடு கடலுக்குள் போனால்?

டிவி நாடு

பசிபிக் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் இடையில் இருக்கிறது துவாலு. ஒன்பது தீவுகள் சேர்ந்தும் 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் சுமார் 11,000 பேர். எந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் உயரமில்லை. பிரிட்டிஷ் காலத்தில் ‘எல்லிஸ் தீவுகள்’ என்று பெயர். 1978-ல் சுதந்திரம் பெற்றபோது இருந்த பெயர் துவாலு, ‘எட்டும் சேர்ந்து நிற்பது’ என்று பொருள். அந்தப் பெயரால் கிடைத்த எழுத்து ‘டிவி’. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் புரிகிற இரண்டு எழுத்து!

விவசாயம் செய்ய மண் இல்லை. தபால் தலை விற்றுச் சம்பாதித்தார்கள். நாட்டின் தொலைபேசிக் குறியீட்டை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த எண்களில் ‘வயது வந்தவர்களுக்கான’ அரட்டை நடப்பது தெரிந்ததும் பக்தி மிகுந்த தீவுவாசிகள் முகம் சுளித்தார்கள். அப்போதுதான் டாட் டிவியைத் தேடி ஆள் வந்தது. முதலில் 1998-ல் 5 கோடி டாலர் தருவதாகச் சொன்ன கனடா நிறுவனம் பணத்தைக் கட்டவில்லை. பிறகு கலிஃபோர்னியாவின் ஐடியாலேப் நிறுவனம், 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் தார்ச்சாலையும் தெருவிளக்கும் அந்தப் பணத்தில் வந்தன.

பேரம் என்னவோ எப்போதும் சமமாக இருந்ததில்லை. வீடியோ கேம் நேரலைக்குப் பெயர்பெற்ற ட்விட்ச் தளத்தின் முகவரி டாட் டிவியில் முடிகிறது. அந்த ஒரு நிறுவனத்தையே 2014-ல் அமேசான் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. துவாலுவுக்கு அப்போது ஆண்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 50 லட்சம் டாலர். 2021 டிசம்பரில் கோடாடி நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போட்டபோதுதான் அது ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, துவாலுவின் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே கோட்டும் டையும் அணிந்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, முழங்காலளவு கடல் நீரில் நின்றபடி பருவநிலை மாநாட்டுக்குப் பேசி அனுப்பிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அவர் நின்ற இடம் ஒருகாலத்தில் தரை. மறு ஆண்டு, தீவுகளின் நிலம், பண்பாடு, அரசு ஆவணங்கள் அனைத்தையும் இணையத்தில் படியெடுத்து, உலகின் முதல் டிஜிட்டல் நாடாக மாறப்போவதாக அவர் அறிவித்தார். ஆண்டுக்கு 280 துவாலு மக்களுக்குக் குடியேற இடம் தருவதாக ஆஸ்திரேலியா 2023-ல் ஒப்பந்தம் செய்தது. 2025-ல் முதல் குலுக்கலுக்கு விண்ணப்பம் திறந்த சில நாள்களிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஊரைவிட்டுப் போக ஆசைப்பட்டுக் கொடுத்த பெயர்கள் என்று இவற்றை எண்ணிவிட முடியாது. ஓட்டு வீட்டில் ஒழுகும் மழைக்குப் பாத்திரம் வைப்பதுபோல, பிள்ளைகளுக்கு ஒரு முன்னேற்பாடு.

2023-ல் துவாலு தன் அரசியல் சட்டத்தையும் திருத்தியது. பருவநிலை மாற்றத்தால் நிலத்தை இழந்தாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் நாடாகவே தொடரும் என்று எழுதிக்கொண்டது. உலகம் அதை ஏற்றால் டிவி என்ற எழுத்தும், அதன் வருமானமும், சிட்னியிலோ ஆக்லாந்திலோ வாழப்போகும் துவாலு பேரப்பிள்ளைகளுக்குத் தொடரும். ஏற்காவிட்டால் மூடுவிழா விதி காத்திருக்கிறது.

ஐ.எஸ்.ஓ பட்டியலைத் தயாரிப்பவர்கள், எது நாடு என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் பெயர்ப் பட்டியல்களைத்தான் ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் அலுவலகமும் தூதரும் வைத்து ஐ.நா. உறுப்பினராக இருக்க ஆகும் செலவு கட்டுப்படியாகாமல், சுதந்திரத்துக்குப் பிறகு 22 ஆண்டுகள் துவாலு வெளியிலேயே நின்றது. 2000 செப்டம்பர் 5-ல் 189-வது உறுப்பினராக உள்ளே போனது. அதற்கான செலவுக்குக் கைகொடுத்தது, டாட் டிவியில் வந்த முதல் பணம்.